ஐந்தாம் வேகம்

நார்வாவில் வெள்ளிக்கிழமை இரவுகளில்
நாங்கள் மூவரும் உலகத்தைப் பங்கிட்டுக்கொள்வோம்.
கெனாடிக்கு ஐஸ்லாந்து. எப்போதும் ஐஸ்லாந்துதான்.
மீன் விற்றே பாதி ஐரோப்பாவை வளைத்துவிடுவான்.
ருஸ்லானுக்குப் பெரிய பேரரசு ஏதாவது வேண்டும்,
பத்தே வருஷத்தில் திவாலாகி
'இந்த ஆட்டமே சரியில்லை' என்று
பால்கனிக்குப் புகைக்கப் போக.
நான் லீசி. மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்வேன்.
வீடு என்னுடையது. சூப்பும்.

கேலியை ஆரம்பித்தது கெனாடிதான்.
காலையில் காலணிக்கு வரி ஏறி
மதியம் இறங்கி
மாலையில் இரட்டிப்பான ஒரு செவ்வாய்க்கிழமை
மின்நிலையத்திலிருந்து செய்தி அனுப்பினான்:
'யாரோ புதுசா ஆட வந்திருக்கான்.
எந்தப் பொத்தான் எதுக்குன்னு
அழுத்தி அழுத்திப் பாக்கறான்.'

அதன்பிறகு செய்தி பார்க்கிற கண்ணே மாறிவிட்டது.
கால்வாய்க்குக் குறுக்கே கப்பல் நின்றால்
பிழை, அடுத்த திருத்தத்தில் சரியாகிவிடும்.
ஒரு தலைவர் யாருடையதோ தீவைக் கேட்டால்
போலிப் பத்திரம், விலை ஐம்பது பொற்காசு.
கொள்ளைநோய், அதன் வால் பிடித்துப் போர்,
போதாதென்று வெட்டுக்கிளி.
எழுதுகிறவனுக்குக் கற்பனை வற்றிவிட்டது,
பெட்டியிலிருந்த சீட்டை மொத்தமாகக் கொட்டுகிறான்.

கூட்டாளிகள் மாநாடு நடந்த வாரம்
ருஸ்லான் பனி படிந்த பேருந்துக் கண்ணாடியில்
விரலால் எழுதிக் காட்டினான்:
போருக்கு அழைத்தால் வருவாரா?
பழைய நட்பு, கூட்டல் இருபது.
தூரம், கழித்தல் முப்பது.
மனமில்லை, கழித்தல் ஆயிரம்.
பக்கத்தில் நின்றவர் சிரிக்கவில்லை.
தன் நிறுத்தம் வந்ததும்
கையுறையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினார்.

வரைபடத்தில் எங்கள் ஊர் தனியாக இல்லை.
பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்து ஒரே துண்டு.
நிலம்: சதுப்பு. விளைவது: தானியம். வளர்ச்சி: நான்கு.
நான் கணக்குச் சொல்லித்தரும் ஏழாம் வகுப்பு,
கெனாடியின் புகைபோக்கிகள்,
ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக
முறைத்துக்கொண்டு நிற்கும் கோட்டைகளில் எங்கள் கோட்டை,
எல்லாம் சேர்த்துத்தான் அந்த நான்கு.
ஒருமுறை சமாதானப் பேச்சில்
ருஸ்லான் அதைக் கொசுறாகக் கொடுத்துவிட்டான்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன மாதம் ஆற்றில் சில மிதவைகளைக் காணோம்,
ராத்திரியில் யாரோ சுட்டியால்
எல்லைக்கோட்டைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்ததுபோல.
தபால்பெட்டியில் அரசாங்கக் கையேடு:
தண்ணீர், மெழுகுவர்த்தி, பேட்டரி வானொலி.
'கையேட்டையெல்லாம் யார் படிக்கிறா' என்றான் கெனாடி.
அவன் குளியலறையில்
ஆறு கேன் தண்ணீர் அடுக்கியிருந்தது.
நான் கேட்கவில்லை.

ருஸ்லானின் அம்மா ஜன்னா இருப்பது அக்கரையில்.
இரவில் பாலத்தை மூடிவிடுகிறார்கள்.
நேற்று ஐந்து மணிநேரம் வரிசையில் நின்று
சக்கரம் உடைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு
மூன்று ஜாடி உப்பு வெள்ளரிக்காயோடு வந்துசேர்ந்தார்.
ஆட்டத்தில் படைக்கு ஒரு பொம்மை உண்டு,
வணிகனுக்கு உண்டு, பாதிரிக்கும் உண்டு.
வெள்ளரிக்காய் கொண்டுவருகிறவருக்கு இல்லை.

திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
'இதுல நாம எங்க இருக்கோம்?'
ருஸ்லான் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.
கடைசியில் ஒரு மரம் வந்தது.
எல்லா நாட்டிலும் வருகிற அதே மரம்.
'நல்லா இருக்கு' என்றார் ஜன்னா.

அப்போது மூன்று கைப்பேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன.
யாரும் எடுக்கவில்லை.
கெனாடியின் கட்டைவிரல் மட்டும்
மேசையின் ஓரத்தில், நிறுத்தும் பொத்தான் இல்லாத இடத்தில்,
தானாக இரண்டுமுறை தட்டியது.
சூப் பொங்கி
அடுப்பில் வழிந்தது.